.308 ரைஃபிளுக்கு எந்த வெடிமருந்து: வார்கெட்டா, 4064-ஆ, பிஎல்-சி(2)-வா?

வெற்றுக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சொந்தமாகத் தோட்டா ஏற்றத் தொடங்குபவர்கள் முதலில் தேடிப் பிடிப்பது, மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்திய எரிவேகப் பட்டியலைத்தான். மேலே சட்டென்று எரியும் கைத்துப்பாக்கி மருந்துகள், கீழே பெரிய மேக்னம் ரைஃபிள்களுக்கான மெதுவான மருந்துகள். எந்த மருந்துகளைப் பரிசீலிக்கலாம் என்று பார்க்க இந்தப் பட்டியல் போதும். எத்தனை கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சிறு அலகு) போடுவது என்பதற்கு அதைத் தொடவே கூடாது. அது வெறும் வரிசை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அது சொல்லாது. தோட்டாவின் அளவும் குண்டின் எடையும் மாறினால் அந்த வரிசையே இடம் மாறுவதும் உண்டு.

இதற்கு 4831 என்ற மருந்தை விடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்கான மருந்து அமெரிக்காவில் மலைபோல் மிஞ்சியது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கி 4831 என்று விற்றார். ஏற்றுபவர்கள் அதற்கான எடைகளைப் பழகிவிட்டார்கள். அப்புறம் 1970-களில் டூபான்ட் நிறுவனம் அதே எண்ணில் ஐஎம்ஆர் 4831-ஐக் கொண்டுவந்தது. அது ஹாட்ஜ்டனுடையதை விட வேகமானது. பழைய எடையைப் புது டப்பாவிலிருந்து போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். ஹாட்ஜ்டனின் எச்4350-க்கும் ஐஎம்ஆர் 4350-க்கும் கதை இதேதான். எண் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு, எடைக் குறிப்பும் வேறு.

சரி, .308 வின்செஸ்டருக்கு வருவோம். 168 கிரெய்ன் குண்டு, ஒவ்வொரு முறையும் கையால் கைப்பிடியை இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். இந்த மூன்று மருந்துகளும் பட்டியலில் கிட்டத்தட்ட ஒரே தெருக்காரர்கள். ஆனால் கையில் எடுத்தால் மூன்றும் மூன்று குணம்.

ஐஎம்ஆர் 4064 நீளமான குச்சி மருந்து. நடுவில் மிகச் சிறிய துளை இருக்கும். வெளிப்பக்கம் எரிந்து சுருங்கச் சுருங்க உள்துளை பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் எரியும் பரப்பு பெரிதாக மாறாமல் சீராக எரிகிறது. துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது. அந்தப் பெயர் நியாயமானது என்பேன். தொல்லை, மருந்தை அளந்து கொட்டும் அளவுக்கருவியில்தான். கைப்பிடியைச் சுழற்றும்போது உருளையின் விளிம்பில் குச்சிகள் சிக்கி, நறுக்கென்று அறுபடுவது விரலில் தெரியும். ஒரு முறை கொஞ்சம் கூடும், அடுத்த முறை குறையும். 4064 போட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசு வேண்டும்.

பிஎல்-சி(2) இதற்கு நேர் எதிர். கடுகைவிடச் சிறிய உருண்டைகள், தண்ணீர்போல ஓடும். கருவியை நம்பி நூறு தோட்டாவைச் சளைக்காமல் ஏற்றலாம். ராணுவத்தின் 7.62 நேட்டோ தோட்டாவுக்குப் பயன்பட்ட மருந்து இது. இதில் நைட்ரோகிளிசரின் கலந்திருக்கிறது. எரிவதைத் தாமதப்படுத்த உருண்டையின் மேல் பூசும் பூச்சும் இருக்கிறது. உருண்டை மருந்துகளின் பலவீனம் வெப்பநிலை. பிப்ரவரிக் குளிரில் உச்ச எடை வரை ஏற்றிச் சரிபார்த்த தோட்டா, ஜூலை மதியம் வண்டிக்குள் வெந்து கிடந்தபின் வேறு தோட்டா. வேகம் கூடும், அழுத்தமும் கூடும். சுட்டபின் போல்ட் கைப்பிடி இறுகித் தூக்க மறுத்தாலோ மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிக் கிடந்தாலோ அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். .308-க்கு வகுக்கப்பட்ட அழுத்த எல்லை 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அது உங்கள் கன்னத்திலிருந்து சில அங்குலத்தில் நடக்கும் விஷயம்.

வார்கெட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, அங்கே அதே மருந்துக்கு ஏஆர்2208 என்று பெயர். இதுவும் குச்சிதான், ஆனால் 4064-ஐ விடக் குட்டை, அதனால் அளவுக்கருவியில் அவ்வளவு முரண்டு பிடிக்காது. இதன் உண்மையான பலம் குளிரிலும் வெயிலிலும் வேகம் அதிகம் ஆடாதது. 100 கஜத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 800 கஜத்தில் வேகம் நொடிக்கு 40 அடி மாறினாலே குண்டு குறிக்கு மேலேயோ கீழேயோ போய்விடும்.

கோடையிலும் குளிரிலும் ஒரே ரைஃபிளோடு தொலைதூரம் சுடுபவர் என்றால் யோசிக்காமல் வார்கெட் வாங்குங்கள். வார இறுதியில் 100 கஜப் பயிற்சிக்கு மட்டும் என்றால் பிஎல்-சி(2) போதும், உச்ச எடைக்குப் பக்கத்தில் போகாமல். 4064-ஐ நான் கைவிடாததற்குக் காரணம், சுட்ட வாயுவின் வேகத்தில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் .30-06 எம்1 காரண்ட் ரைஃபிள். அந்த ரைஃபிளில் 4350 வகை மெதுவான மருந்து போட்டால், குண்டு குழலிலிருந்து அந்த வாயுவை எடுக்கும் துளையைத் தாண்டும்போது அங்கே அழுத்தம் அதிகமாக இருந்து வாயு தள்ளும் கம்பியான ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். 4064, 4895 வேகத்தில் இருப்பவைதான் அதற்கு ஒத்துவருகின்றன. வார்கெட், 4064 இரண்டு டப்பாவும் என் அலமாரியில் இருக்கின்றன. மேசைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும்.