மூணு சித்திரை கண்ட நாக்குத் தகடு

மூணு வருசத்துக்கு முந்தி சித்திரை வருசத்தண்டு தங்கச்சிட மகள் கைவிசேசம் வாங்க வந்தா. வெத்திலையில காச வச்சுக் குடுத்திட்டு குனிஞ்சு கொஞ்சப் போனா மூக்கப் பொத்திக்கிட்டு "மாமாட வாய் நாறுது" எண்டு சத்தமா சொல்லிட்டா. அஞ்சு வயசுப் புள்ள, என்ன செய்ய ஏலும், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேந்து சிரிச்சன், ஆனா அண்டைக்கு முழுக்க ஆரோட கதைச்சாலும் ஒரு முழம் தள்ளி நிண்டுதான் கதைச்சன்.

காலையில ஒழுங்கா பல்லுத் தீட்டுற ஆள்தான் நான், அதுவும் கட்டிப் பிரஷ்ஷால, முரசு கிழியக் கிழிய. பல்லு கிளினிக்குக்குப் போனா டொக்டர் என்ட பல்லப் பாக்க முதல் நாக்கத்தான் நீட்டச் சொன்னா. வாய் மணம் கனபேருக்கு வயித்தில இருந்து வாறதில்லையாம், நாக்குட பின்பக்கம் படியிற அந்த வெள்ளைப் படையில இருக்கிற கிருமி விடுற கந்தக வாயுவாலதானாம். ராவைக்கு உமிழ்நீர் குறையிறதால காலையில இன்னும் மோசம். அப்ப நான் இவ்வளவு நாளா கராம்பையும் ஏலத்தையும் மெண்டு மணத்த மூடி வச்சிருக்கன், அவ்வளவுதான்.

அண்டைக்குப் பின்னேரமே காத்தான்குடியில ஒரு பாமசியில வாங்கினது நாக்கு வழிக்கிற இந்த ஸ்டீல் தகடு, வில்லு மாதிரி வளைஞ்சு ரெண்டு பக்கமும் பிடி உள்ளது. மூணு வருசமா அதேதான், கறள் பிடிக்கல்ல, தேயவும் இல்ல. முதல் கிழமை ஓங்காளம் வந்து கிணத்தடியில நான் போட்ட சத்தத்துக்கு பக்கத்து வீட்டு மாமி "என்ன மனே, சத்தியா?" எண்டு வேலியால எட்டிப் பாத்தா. மூச்ச வெளிய விட்டுக்கிட்டு வழிச்சா ஓங்காளம் குறையும், மெதுவா மூணு நாலு தரம் போதும், அழுத்தி வழிச்சா நாக்கு எரியும். பிளாஸ்டிக்ல உள்ளதும் வாங்கிப் பாத்தன், ரெண்டு மாசத்தில விளிம்பு சொரசொரப்பாகி வீசிட்டன்.

ரெண்டாவது சாமான் பல்லிடுக்குப் பிரஷ், போத்தல் கழுவுற பிரஷ்ஷ எறும்புக்குச் செஞ்ச மாதிரி. 0.4, 0.5 மில்லிமீற்றர் எண்டு சைஸ் சைஸா நிறத்தில வரும். நான் பெரிசு வாங்கி பலவந்தமா குத்தி ரத்தம் வந்து ரெண்டு கிழமை பயத்தில தொடவே இல்ல. முன்பல்லுக்கு சின்னது, கடைவாய்க்கு கொஞ்சம் பெரிசு, இடுக்குக்குள்ள லேசா போகோணும். தொதல் சாப்பிட்ட ராவைக்கு இதப் போட்டு எடுத்து மோந்து பாருங்க, மருமகள் சொன்னது பொய்யில்லை எண்டு விளங்கும்.

ஏமாந்தது மவுத்வாஷ்லதான். வெளிநாட்டால வந்த மச்சான் ஒரு போத்தல் தந்தார், குளோர்ஹெக்சிடின் எண்ட கிருமி கொல்லுற மருந்து போட்டது, நல்லாத்தானே இருக்கு எண்டு மார்கழியில தொடங்கி பொங்கல் மட்டும் விடாம கொப்பளிச்சன். பொங்கலண்டு புக்கையில சக்கரை போட்டிரிக்கா எண்டு மனுசியிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டன், நாக்குட ருசியே போயிட்டு. பல்லும் வெத்திலை போட்டவன் மாதிரி மண்ணிறம். தேத்தண்ணி குடிக்கிற ஆக்களுக்கு அந்தக் கறை இன்னும் கூடப் பிடிக்குமாம், டொக்டர் சொன்னா மட்டும் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கிற சாமானாம் அது. கறைய எடுக்க திரும்ப கிளினிக்.

ஆனா வருசக் காலத்தில எத வாங்கி வச்சாலும் தப்ப ஏலாத ஒரு விசயம் இருக்கு. எங்கட பக்கம் ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்கோணும், வீட்டுக்கு வீடு பயத்தம் பணியாரம், கொக்கிஸ், அரியதரம், சீனி கரையாம அடியில நிக்கிற தேத்தண்ணி. ஒவ்வொரு தரம் இனிப்புப் பட்டதும் வாய் அமிலமாகி திரும்பி வர அரை மணித்தியாலம் அளவில எடுக்கும், அதுக்குள்ள அடுத்த வீடு வந்திரும். எவ்வளவு தின்னிறம் எண்டத விட எத்தினை தரம் தின்னிறம் எண்டதுதான் பல்லுக்குப் பிரச்சினை. அதால இப்ப நான் ரெண்டு வீட்டில இருந்து வடிவா சாப்பிடுவன், மத்த வீட்டில சீனி போடாத பிளேன்டீ இல்லாட்டி தண்ணி. "மனே, உனக்கும் சுகரா?" எண்டு கேக்காத பெரியம்மா இல்ல. ஓம் எண்டு தலையாட்டிர்றது, விளங்கப்படுத்தப் போனா அடுத்த வருசமாகிரும்.

பேஸ்ட் எதெண்டாலும் பரவாயில்ல, பெட்டியில புளோரைட் 1000 ppmக்கும் 1500 ppmக்கும் இடையில இருக்கா எண்டு பாருங்க. ராவைக்குத் தீட்டினா துப்பிட்டு அப்பிடியே விடோணும், வாளித் தண்ணியால அலசிறக் கூடா. இது பழக எனக்கு ஆறு மாசம் போச்சு.

மாமிட வெத்திலை வட்டாவ மட்டும் அசைக்க ஏலல்ல. புகையிலை இல்லாட்டியும் பாக்கோட வெத்திலை மெல்லுறது புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார அமைப்புட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ல புத்தகமாவே போட்டிட்டு எண்டு சொன்னன். "அவங்க வருசத்துக்கு வந்தா வட்டாவ நீட்டாம என்னத்த மனே நீட்டுறது?" எண்டு கேட்டா. புகையிலைய மட்டும் விட்டிருக்கா.

தகட்டுக்கு பத்துக்கு பத்து போடலாம். இடுக்குப் பிரஷ்ஷுக்கு ஏழு, கம்பி சீக்கிரம் வளையிது, பக்கட் விலையும் கூட, வாங்கி வச்சாலும் மிஞ்சிறதில்ல. மகன் அத எடுத்து மோட்டசைக்கிள் காபரேட்டர்ட ஓட்டை கிளீன் பண்றான், அதுக்கும் நல்லா வேலை செய்யுதாம், அதால இப்ப அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கன்.