தமிழும் ஆங்கிலமும் ஒரே தளத்தில்: சப்ஃபோல்டரா, சப்டொமைனா, தனி டொமைனா?

ஆங்கிலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் தமிழ்ப் பக்கங்களையும் சேர்க்க முடிவெடுத்ததும், அவற்றை எந்த முகவரியில் வைப்பது என்ற கேள்வி வந்துவிடும். வழிகள் நான்கு. தளம்.காம்/டிஏ/ என்று உள்ளேயே ஒரு சப்ஃபோல்டர் (டிஏ என்பது தமிழின் மொழிக் குறியீடு), டிஏ.தளம்.காம் என்று ஒரு சப்டொமைன். தமிழுக்கென்றே தனி டொமைன். முகவரி மாறாமல், பொத்தானை அழுத்தினால் எழுத்து மட்டும் தமிழாகும் ஏற்பாடு.

கூகுளில் மேலே வருவதுதான் நோக்கம் என்றால் எங்கள் ஓட்டு சப்ஃபோல்டருக்கு. கூகுளுக்கு சப்ஃபோல்டர்தான் பிடிக்கும் என்று பலர் சொல்வதுண்டு, அது சரியில்லை. சப்ஃபோல்டர், சப்டொமைன் இரண்டில் எதை வைத்தாலும் சரி என்றே கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. சப்ஃபோல்டரில் பழுதாகக்கூடிய இடங்கள் குறைவு, அதனால்தான் அது முந்துகிறது.

நான்காவது வழியை உடனே தள்ளிவிடலாம். தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது. எந்த மொழி வேண்டும் என்று அது சர்வரிடம் கேட்பதில்லை, குக்கியை வைத்துக்கொள்வதில்லை, பொத்தானையும் அழுத்துவதில்லை. எனவே உங்கள் தமிழ் உரை அதன் கண்ணில் படவே படாது. வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டிலும் இதே கோளாறுதான்: பாட் ஒவ்வொரு முறையும் ஆங்கிலப் பக்கத்துக்கே போய்ச் சேரும். கேள்விக்குறிக்குப் பின்னால் மொழியைக் குறிப்பிடும் முகவரி இதைவிடத் தேவலை என்றாலும், அதையும் கூகுள் பரிந்துரைப்பதில்லை.

தனி டொமைன் எப்போது பொருந்தும்?

தனி டொமைன் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்கள். ஆங்கிலத் தளத்துக்குப் பல வருடங்களாகச் சேர்ந்த வெளி இணைப்புகள் அங்கேயே நிற்கும். வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸிலும் ஒரு வேலை கூடும்: சப்டொமைன்களுக்கிடையே ஒரே வாசகரை ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ்) தானாக அடையாளம் காணும், இரண்டு டொமைன்கள் என்றால் இரண்டையும் இணைக்கும் கிராஸ்-டொமைன் அமைப்பை நீங்களே செய்ய வேண்டும்.

நாட்டு டொமைன்களில் கூடுதல் கவனம் தேவை. .இன் இந்தியாவையும் .எல்கே இலங்கையையும் குறிக்கும் சமிக்ஞைகளாகவே கூகுளுக்குப் போகின்றன. தமிழ் வாசகரோ சென்னையில், யாழ்ப்பாணத்தில், கோலாலம்பூரில், டொராண்டோவில் என்று பரந்து கிடக்கிறார். மொழிக்காக டொமைன் வாங்கப் போய் ஒரு நாட்டுக்குள் உங்களை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், .காம் போன்ற பொது டொமைனுக்கு இலக்கு நாட்டைக் குறிக்கும் வசதி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இலங்கையில் தனிக் கடை, தனி விலை, தனிக் குழு இருந்தால் மட்டும் .எல்கே-க்குச் செலவிடுங்கள்.

சப்டொமைனில் கூடும் வேலை

ஒவ்வொரு சப்டொமைனுக்கும், பாட் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு தனியாக வேண்டும். முதன்மைத் தளத்தின் கோப்பு அங்கே செல்லாது. சோதனைக் காலத்தில் 'யாரும் உள்ளே வராதே' என்று எழுதிய கோப்பு, தளம் வெளியான பிறகும் சப்டொமைனில் அப்படியே கிடப்பது அடிக்கடி நடக்கிற பிழை. பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழும் சப்டொமைனுக்குப் பொருந்த வேண்டும். சர்ச் கன்சோலில் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பு வழியாகச் சரிபார்க்கும் 'டொமைன் ப்ராப்பர்ட்டி' எடுத்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இல்லாவிட்டால் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பகுதி வேறு சர்வரில், வேறு மென்பொருளில் ஓடியே ஆக வேண்டும் என்றால் சப்டொமைன் நல்ல தேர்வு. ஏற்கெனவே சப்டொமைனில் ஒழுங்காக ஓடுகிற தளத்தை, சப்ஃபோல்டர் சிறந்தது என்று எங்கோ படித்துவிட்டு இடம் மாற்ற வேண்டாம். மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) மூலம் திருப்பி, குறைந்தது ஒரு வருடம் அப்படியே வைத்திருங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் பழைய பக்கங்கள் சேர்த்த மதிப்பு வீணாகிவிடும்.

ஹெச்ரெஃப்லாங்: எந்த வழியிலும் தப்பாத வேலை

முகவரி எதுவானாலும், இந்தப் பக்கத்தின் தமிழ் வடிவம் இது, ஆங்கில வடிவம் அது என்று சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிகள் வேண்டும். இவை தரவரிசையை உயர்த்துவதில்லை. நீங்கள் ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்தில், தேடுபவரின் மொழிக்கு ஏற்ற பக்கத்தை மாற்றி வைக்கின்றன, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பக்கமும் தன்னையும் குறிக்க வேண்டும், மற்றதையும் குறிக்க வேண்டும். தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைக் காட்டி, ஆங்கிலம் திருப்பிக் காட்டாவிட்டால் அந்த ஜோடியை கூகுள் பொருட்படுத்தாது. நாட்டுக் குறியீட்டில் நம் ஊர்த் தளங்களில் காணும் தவறு ஒன்று உண்டு: தமிழ்நாடு என்று நினைத்து 'டிஏ-டிஎன்' என எழுதுவது. டிஎன் என்பது துனிசியாவின் குறியீடு! மாநிலங்களுக்கு இதில் இடமே இல்லை. உலகத் தமிழர் எல்லாருக்கும் ஒரே பக்கம் என்றால் 'டிஏ' மட்டும் போதும். இந்திய ரூபாயிலும் இலங்கை ரூபாயிலும் தனித்தனி விலைப்பக்கங்கள் இருந்தால் 'டிஏ-ஐஎன்', 'டிஏ-எல்கே' எனப் பிரியுங்கள்.

இதைவிடக் கெடுதலான பிழை, எது மூலப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் கெனானிக்கல் குறியில் நடக்கும். தமிழ்ப் பக்கத்தின் கெனானிக்கல் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினால், 'நான் வெறும் நகல், என்னை விட்டுவிடு' என்று தமிழ்ப் பக்கமே சொன்ன கணக்கு. அது கூகுளின் தேடல் பட்டியலான இன்டெக்ஸிலிருந்து கழன்றுவிடும். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே கெனானிக்கலாகக் காட்ட வேண்டும்.

முகவரியின் வால்: தமிழ் எழுத்தா, ரோமன் எழுத்தா?

டொமைனுக்குப் பின்னால் பக்கத்தின் பெயராக வரும் பகுதியைத்தான் வால் என்கிறோம். தமிழ் எழுத்து முகவரியை கூகுள் நன்றாகவே படிக்கும். வாசகரின் மொழியிலேயே முகவரி வைக்கலாம் என்றும் சொல்கிறது. சிக்கல் மற்ற இடங்களில் இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முகவரியில் குறியாக்கம் ஆகும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக 'இட்லி' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் இருப்பவை ஐந்து குறிகள், முகவரியில் 45 எழுத்துகள். இணைப்பைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் நீண்ட வால் வருவது இதனால்தான்.

தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இந்த வாலுக்கு 200 எழுத்துதான் வரம்பு. தமிழில் ஏறத்தாழ 22 குறிகள். 'திருநெல்வேலி அல்வா செய்வது எப்படி' என்று தலைப்பிட்டால் வால் 'திருநெல்வேலி-அல்வா-செய்வ' என்று நடுச்சொல்லில் வெட்டுப்பட்டு நிற்கும். இதே தொடக்கத்தோடு இன்னொரு பதிவு போட்டால் கடைசியில் ஓர் எண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

'தோசை' போன்ற சொற்களில் இன்னொரு வம்பு. 'தோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. சர்வருக்கு அவை இரு வேறு முகவரிகள். கையால் தட்டிய உள் இணைப்பு 404 ('பக்கம் இல்லை') காட்டி, காரணம் புரியாமல் விழிப்பது இதனால் நேரும்.

கிடைக்கும் லாபமோ சொற்பம். முகவரியில் உள்ள சொல் தரவரிசைக்கு ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. 2025 ஜனவரியிலிருந்து மொபைல் தேடல் முடிவுகளில் டொமைன் மட்டுமே தெரிகிறது, வால் தெரிவதே இல்லை. ஆகவே புதிய பக்கங்களுக்கு மூன்று, நான்கு சொல் ரோமன் வால் வையுங்கள். ஆங்கிலப் பக்கத்தின் வாலையே தமிழுக்கும் கொடுத்தால் வேர்ட்பிரஸ் பின்னால் '-2' சேர்த்துவிடும். அதனால் உச்சரிப்பை ஒட்டி எழுதுங்கள், ஆங்கிலத்தில் 'ஹல்வா' என்றால் தமிழ்ப் பக்கத்தில் 'அல்வா'. ஏற்கெனவே தமிழ் வாலோடு வாசகர் பெற்றிருக்கும் பக்கங்களில் கை வைக்க வேண்டாம்.

மாற்றிய பின் பார்க்க வேண்டியவை

ஐந்தாறு தமிழ்ப் பக்கங்களை எடுத்து சர்ச் கன்சோலின் யுஆர்எல் பரிசோதனையில் போடுங்கள். அங்கே இரண்டு வரிகளை ஒப்பிடுங்கள்: நீங்கள் அறிவித்த கெனானிக்கல், கூகுள் தேர்ந்தெடுத்த கெனானிக்கல். நீங்கள் சரியாக அறிவித்தும் கூகுள் ஆங்கில முகவரியைத் தேர்ந்திருந்தால், பெரும்பாலும் மெனுவும் அடிக்குறிப்பும் மட்டும் தமிழாகி, உள்ளே உரை ஆங்கிலத்திலேயே இருக்கும். பக்கத்தின் மொழியை கூகுள் கண்ணுக்குத் தெரியும் உரையை வைத்தே முடிவு செய்கிறது. நிரலில் எழுதிய மொழிக் குறியை அதற்கு எடுத்துக்கொள்வதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பை யாரும் படித்துத் திருத்தாமல் மொத்தமாகக் கொட்டுவதும் ஆபத்து: 2024 மார்ச்சில் வந்த ஸ்பேம் விதிகளின்படி அந்தப் பக்கங்கள் தேடலிலிருந்தே தூக்கப்படலாம்.

பிறகு செயல்திறன் அறிக்கையில் 'கேள்வி' வடிகட்டியில் ரீஜெக்ஸைத் (எழுத்து வடிவத்தைப் பொருத்தித் தேடும் விதி) தேர்ந்து [அ-ஹ] என்று கொடுங்கள். தமிழ் எழுத்தில் தட்டித் தேடியவை மட்டும் வரும். அதையே 'பொருந்தாதவை' என மாற்றி, பக்க வடிகட்டியில் தமிழ் சப்ஃபோல்டரையும் சேர்த்தால், ரோமன் எழுத்தில் தட்டித் தமிழ்ப் பக்கத்துக்கு வந்தவர்களின் சொற்கள் கிடைக்கும். அந்தச் சொற்கள் உங்கள் தலைப்பிலோ முதல் பத்தியிலோ தமிழில் இருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து வாருங்கள்.