லாக்டிக் அமிலத்தை நீக்கும் மணிகளை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆய்வகத்தில் செல்களை மீடியத்தில், அதாவது சத்துக் கரைசலில், வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். செல்கள் குளுக்கோஸை வேகவேகமாகத் தின்றுவிட்டு லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு லாக்டேட் (லாக்டிக் அமிலம் கரைசலில் இருக்கும் அயனி வடிவம்). லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ள மீடியத்தில் அத்தனையும் இந்த வழியில் போனால் லாக்டேட்டின் செறிவு 50 மில்லிமோலாரைத் தொடும். அதற்கு வெகு முன்பே பல செல்கள் சுணங்கிவிடும். மீடியத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் செல்கள் சுரந்து வைத்த நல்ல பொருள்களும் அதோடு போய்விடும். அதனால்தான் "லாக்டிக் அமிலத்தை மட்டும் உறிஞ்சும், வேறெதையும் தொடாது" என்று சொல்லி விற்ற மணிகளை நம்பி வாங்கினேன்.

பார்க்க ரவை மாதிரி இருந்தன. அமிலம் ஏறினால் மீடியம் மஞ்சளாகும்; அப்படி மஞ்சளாகிப்போன மீடியத்தில் போட்டுக் கலக்கினேன். அரை மணி நேரத்தில் மஞ்சள் மறைந்து மீடியம் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது. விற்றவரிடம் சொன்னேன். "நிறம் போய்விட்டதல்லவா, அமிலம் போனதற்கு அதுதான் அடையாளம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். வடிகட்டிச் செல்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பாதிச் செல்கள் பிளாஸ்க்கின் அடியை விட்டுக் கழன்று மிதந்தன. மணி போடாமல் வைத்திருந்த பிளாஸ்க்கில் செல்கள் மெதுவாக என்றாலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செல்லே படாத புது மீடியத்தில் ஒரு சிட்டிகை மணியைப் போட்டேன். அதுவும் வெளுத்தது, மணிகளில் நிறம் ஏறியிருந்தது. அதாவது உறிஞ்சப்பட்டது, அமிலத்துக்கேற்ப நிறம் மாறிக் காட்டுவதற்காக மீடியத்தில் சேர்த்திருக்கும் பீனால் ரெட் சாயம். லாக்டேட்டை என்சைம் கிட் வைத்து அளந்தேன்: மணி போடுமுன் 22 மில்லிமோலார், போட்டபின் 19. இதற்காகவா இத்தனை பாடு?

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. அந்த மணிகள் தம்மிடமுள்ள ஓர் அயனியை விட்டுவிட்டு வேறு எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் சாதாரண ரெசின் (செயற்கைப் பிசின்)தான். செல் வளர்ப்புக்கு ஏற்ற 7.4 பிஹெச்சில் (அமில-கார அளவு) லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட முழுவதும் லாக்டேட் அயனியாக இருப்பதால் அதையும் பிடிக்கும்தான். ஆனால் நான் பயன்படுத்தும் மீடியத்தில் குளோரைடு மட்டும் 100 மில்லிமோலாருக்கு மேல், பைகார்பனேட் 44 மில்லிமோலார். இந்தக் கூட்டத்தில் லாக்டேட்டுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பாஸ்பேட், ஃபோலிக் அமிலம், குளுட்டமேட் எல்லாமே எதிர்மின் கொண்டவை. அவையும் ரெசினில் ஒட்டக்கூடும். என் செல்கள் எதனால் செத்தன என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் சோதிக்கவில்லை.

விற்றவரிடம் சோதனைத் தரவைக் கேட்டேன். நான்கு முறை கேட்ட பிறகு ஒரு பக்கம் வந்தது. வெறும் தண்ணீரில் சோடியம் லாக்டேட்டைக் கரைத்துச் செய்த சோதனை. மீடியத்தில் இருக்கும் மற்ற உப்புகள் இல்லை, பைகார்பனேட் இல்லை, சீரம் (செல் வளர்ச்சிக்காகச் சேர்க்கும் இரத்தத் தெளிநீர்) இல்லை. அந்தத் தண்ணீரில் 90 சதவீதம் நீக்கியது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் யாரும் தண்ணீரில் செல் வளர்ப்பதில்லையே! பாட்டிலைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதிரிப் பொருள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. மக்னீசியம், அலுமினியம் சேர்ந்த அடுக்கு ஹைட்ராக்சைடுகளும் இதற்காக ஆராயப்படுகின்றன. ஆனால் அவை கார்பனேட்டை இறுக்கிப் பிடிப்பவை, பைகார்பனேட் மீடியத்தில் அதே சிக்கல் வரும். எதை வாங்கினாலும், முழு மீடியத்தில் செய்த சோதனையைக் கேளுங்கள். லாக்டேட்டுக்குப் பதிலாக எந்த அயனி வெளியே வருகிறது என்று கேளுங்கள். ஹைட்ராக்சைடு வந்தால் பிஹெச் எகிறிவிடும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் முன்னும் பின்னும் எவ்வளவு இருந்தன என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கையில் ஏற்கெனவே இருந்தால் புது மீடியத்தில் ஊறவைத்து, வடிகட்டி, அதில் கொஞ்சம் செல்களை மட்டும் வளர்த்துப் பாருங்கள். நான் இப்போது குளுக்கோஸைக் குறைவாக வைத்து, தீரத் தீரக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். லாக்டேட் 12 மில்லிமோலாரைத் தாண்டவில்லை.