தப்லாவ், பேன்யா, குகை: ஃபிளமென்கோ பார்க்க எங்கே போவது?

பாட்டு, கிதார், ஆட்டம் மூன்றும் சேர்ந்த ஃபிளமென்கோ கலையைப் பார்க்க, தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே மாதிரி புத்தி சொல்வார்கள்: "தப்லாவ் சுற்றுலாக்காரர்களுக்கானது, ரசிகர் மன்றமான பேன்யாதான் அசல்." இதில் பாதிதான் சரி.

தப்லாவ் என்றால் சின்ன மரமேடை, சுற்றி மேசைகள், சாப்பாடோ பானமோ சேர்த்து டிக்கெட். ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் 1956இல் தொடங்கிய கோரல் தே லா மொரேரியா இன்றும் ஓடுகிறது. அதன் சமையலுக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரமும் கிடைத்திருக்கிறது. செலவு அதிகம்தான். ஆனால் காசு வாங்கிப் பாடுவதால் கலை கெட்டுவிட்டது என்ற புலம்பல் பழையது. பாடகர் சில்வேரியோ ஃபிரான்கொனெத்தி 1881இல் செவில் நகரில் தன் பெயரில் பாட்டுக் காப்பிக்கடை நடத்திய காலத்திலேயே ஃபிளமென்கோ தொழிலாகிவிட்டது. அந்தப் போக்கு பிடிக்காமல்தான் 1922இல் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயா, கவிஞர் லோர்கா முதலானோர் கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா கோட்டையில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. பரிசு வாங்கியவர்களில் ஒருவன் மனோலோ கராகோல் என்ற சிறுவன். அவர் பிற்பாடு பெரிய தொழில்முறைப் பாடகராகி, 1963இல் மத்ரித்தில் சொந்தமாக ஒரு தப்லாவே திறந்துவிட்டார்!

ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு தப்லாவுக்குத்தான். முன்வரிசையில் உட்கார்ந்து கால்களைக் கவனியுங்கள். ஆடுகிறவர் திடீரென்று பலமாக மிதித்து ஒரு அடியில் நிறுத்துவார். அது கிதார்காரருக்கும் பாடகருக்கும் போகிற உத்தரவு: பாட்டை எடு, வேகத்தைக் கூட்டு, முடி. ஒத்திகை பார்க்காதவர்கள்கூட இந்தச் சைகைகளை வைத்தே ஒரு இரவை ஓட்டிவிடுவார்கள். பெரிய அரங்கின் பின்வரிசையில் இருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பாட்டுக்கு பேன்யா. இது ரசிகர்கள் சந்தா கட்டி நடத்தும் மன்றம். கிரனாடாவில் 1949இல் தொடங்கிய லா ப்ளாத்தேரியாதான் இவற்றில் மூத்தது. பல இரவுகளில் ஒரு பாடகர், ஒரு கிதார், இரண்டு நாற்காலி, அவ்வளவே. சோலேயா என்ற பாட்டு வகையின் தாளம் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். உறுப்பினர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. வரி முடிகிற இடத்தில் 'ஒலே' என்ற பாராட்டுக் குரல் சரியாக வந்து விழும். நாம் உற்சாகத்தில் தப்பான இடத்தில் கைதட்டினால் முறைப்பார்கள். முறைக்கட்டும், நியாயம்தானே.

சிக்கல் என்னவென்றால் பேன்யா நம் வசதிக்குத் திறக்காது. நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஹெரெஸ் நகரில் ஃபிளமென்கோ விழா நடக்கும்போது போனால் அங்குள்ள பேன்யாக்களிலும் கேட்கக் கிடைக்கும்.

அப்புறம் கிரனாடாவின் சாக்ரொமோந்தே குகைகள். ஹிதானோ (ஸ்பெயினின் ரோமா மக்கள்) திருமணச் சடங்குகளிலிருந்து வந்த சாம்ப்ரா ஆட்டம் இங்கே விசேஷம். வெள்ளையடித்த சுவர், கூரையில் தொங்கும் செப்புப் பாத்திரங்கள், முழங்காலை உரசும் பாவாடை விளிம்பு எல்லாம் அழகுதான். ஆனால் 1960களின் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் குகைகள் இடிந்து, குடியிருந்தவர்களில் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. இன்றைய காட்சிகளில் பல, பேருந்தில் வந்து இறங்கும் கூட்டத்தை நம்பி நடப்பவை. கிரனாடாவில் ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது, அன்று லா ப்ளாத்தேரியாவில் பாட்டும் இருக்கிறது என்றால் நான் குகைக்குப் போகமாட்டேன்.