சாயும் என்று சொல்லி, ஆடும் பைபாடைத் தலையில் கட்டிவிட்டார்கள்

ஏர் ரைஃபிளுக்குச் சாயும் பைபாட் (துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு கால் தாங்கி) தேடிக்கொண்டிருக்கும் வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்து நண்பர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சொந்த வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாயவே சாயாத ஒரு பைபாடை அனுப்பி வைத்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என் மச்சான் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அதைக் கீழே சொல்கிறேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது; தவிர, இந்தப் பெயர் கெட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். பொருளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த மாதிரி பைபாடெல்லாம் அமெரிக்காவில் ரைஃபிளோடு வேட்டைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை. "தோப்புல பன்னி தொல்லையா?" என்று கேட்காதீர்கள். பன்றி சமாச்சாரம் வனத்துறை பார்க்க வேண்டியது. என்னுடையது .177 காலிபர், குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் குறைந்த பி.சி.பி. ஏர் ரைஃபிள் (முன்கூட்டியே குழாயில் அடைத்த காற்றால் சுடுவது), லைசென்ஸ் தேவைப்படாத வகை. காகித டார்கெட்டும் காலி டப்பாவும்தான் அடிக்கிறோம். குடியாத்தம் பக்கம் மாமனாருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. டார்கெட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண் கரை, அதனால் அங்கேதான் பழகுவது.

தோப்பு மலையடிவாரத்தில் இருப்பதால் தரை ஒரே சரிவு. பாத்தி கட்டிய இடத்தில் ஒரு கால் பள்ளத்தில் இறங்கும், இன்னொரு கால் வரப்பில் ஏறி நிற்கும். சாதாரண பைபாட் மாட்டினால் தரை எப்படியோ துப்பாக்கியும் அப்படியே சாய்ந்து நிற்கும். ஸ்கோப் உள்ளே இருக்கும் செங்குத்துக் கோடும் சாய்ந்துவிடும். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் தெரியும். தூரத்துக்காக 20 செ.மீ. மேலே வைத்துக் குறி பார்க்கிறீர்கள், துப்பாக்கி வெறும் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். குண்டு சாய்ந்த பக்கமாக ஏறக்குறைய ஒன்றே முக்கால் செ.மீ. தள்ளிப் போய் விழும். 10 டிகிரி என்றால் மூன்றரை செ.மீ. டார்கெட்டின் நடு வட்டத்தைக் குறி வைப்பவனுக்கு அது பெரிய தூரம். காலை நீட்டிக் குறைத்துச் சரி செய்யலாம்தான். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்து பாருங்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் சாயும் மாடல். கால்கள் தரைப்படி நிற்கும், மேல் பாகம் மட்டும் இடமும் வலமும் சாய்ந்து கொடுக்கும், துப்பாக்கியை நேராக்கி ஒரு திருகைத் திருகினால் அந்த நிலையிலேயே நிற்கும்.

அந்தத் திருகுதான் விஷயமே. நான் ஏமாற்றப்பட்டதும் அதில்தான்.

சந்தையில் கிடைக்கும் மலிவு பைபாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கும் ஹாரிஸ் கம்பெனியின் வடிவத்தைப் பார்த்துச் செய்த நகல்கள். ஹாரிஸ் மாடல் பெயரில் முன்னால் எஸ் என்ற எழுத்து இருந்தால்தான் சாயும். பி.ஆர். என்றால் 6 முதல் 9 அங்குல உயரம், எல் என்றால் 9 முதல் 13 அங்குலம். கடைசியில் எம் இருந்தால் காலில் படிப்படியாக வெட்டு இருக்கும், ஒவ்வொரு படியிலும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். படுத்துச் சுட எஸ்-பி.ஆர்.எம். வகைதான் தோது. எஸ் இல்லாத மாடலும் நல்ல மாடல்தான், ஆனால் சாயாது. நகல் செய்கிறவர்களும் இரண்டு வகையையும் செய்கிறார்கள். இரண்டையும் போட்டோவில் பிரித்துப் பார்க்க ஒரே வழி: துப்பாக்கியோடு சேரும் பாகத்துக்குக் கீழே பின்பக்கம் சொரசொரப்பான சின்னத் திருகு இருக்கிறதா என்று பார்ப்பது. சாய்வின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். ஒரிஜினலிலேயே அது விரலுக்கு அடங்காத அளவு சிறியது. அதனால் அதைக் கழற்றிவிட்டு நெம்புகோல் போல ஒன்றை மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எப்படியோ, அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

விற்பனையாளர் பக்கத்தில் போட்டிருந்த போட்டோவில் அந்தத் திருகு பளிச்சென்று தெரிந்தது. "30 டிகிரி சாய்வு, விமான அலுமினியம், 350 கிராம், ஒரிஜினல்" என்று எழுதியிருந்தார். நான் சும்மா விடவில்லை. எஸ் மாடல்தானே, திருகு இருக்கிறதா, சாய்த்துக் காட்டி வீடியோ அனுப்புங்கள் என்று வரிசையாகக் கேட்டேன். "ஆமா சார், எஸ் மாடல், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்று பதில் வந்தது. வீடியோவும் வந்தது. அதில் பைபாட் அழகாகச் சாய்ந்தது, திருகினதும் நின்றது. யாரோ வெளிநாட்டுக்காரர் எடுத்த வீடியோவை வெட்டி அனுப்பியிருக்கிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஓரத்தில் இருந்த பெயரை மறைத்திருந்தார்கள்.

பெட்டி வந்தது. பெயர் மட்டும் பெரிதாக அச்சடித்த கறுப்பு அட்டைப் பெட்டி. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்று இல்லை, எம்.ஆர்.பி. இல்லை. வெளிநாட்டுச் சரக்கை இங்கே பெட்டியில் விற்றால் இந்த மூன்றும் அச்சில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே இருந்த பைபாடில் திருகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரிவெட் அடித்து மூடியிருந்தது. ஆனால் கையில் பிடித்து அசைத்தால் மேல் பாகம் லொடலொடவென்று இரண்டு பக்கமும் ஆடியது.

உடனே போன் போட்டேன். "சார், எஸ் மாடல் கேட்டேன், இதுல திருகே இல்லையே."

"ஆடுது இல்ல சார்?"

"ஆடுது."

"அதான் சார் டில்ட்டு."

இந்த வரிதான் மச்சான் சொல்லிச் சிரிப்பது. வீட்டில் எந்த நாற்காலி ஆடினாலும் "மாமா, டில்ட்டு மாடல்" என்கிறான்.

சரி, நாமே முடிவு கட்டக் கூடாது என்று காட்பாடியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறை பாய்க்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, இரும்பைப் பற்றி எல்லாம் தெரியும். வாங்கிக் கையில் எடை பார்த்த உடனேயே, "அலுமினியம்னா சொன்னான்? இவ்ளோ கனம் வராதே தம்பி" என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம்: 560 கிராம். பெயிண்ட் தெரியாத ஒரு மூலையில் அரத்தால் லேசாக இழுத்தார். நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்தது என்றார். அலுமினியத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம், ஆனால் அடி பட்டால் வளையாமல் பட்டென்று உடையும். அப்புறம் ரிவெட்டைச் சுற்றி டார்ச் அடித்துக் காட்டினார். துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவத்தில் இருந்தது. அதற்குள் ஊசி போல மெல்லிய பின். "இது சாயறதுக்குப் போட்ட ஓட்டை இல்ல. டிரில் சரியா புடிக்காம போட்ட ஓட்டை. அதுல பின்னு லூசா கெடக்குது, அவ்ளோதான்."

நல்ல சாய்வு மாடலில் பின் துளையை இறுகக் கவ்வியிருக்கும். அசைவு ஒரே அச்சில், எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஒரே சீராக இருக்கும். முன்னும் பின்னும் போகாது. என்னிடம் வந்தது எல்லாப் பக்கமும் போனது. துப்பாக்கியில் மாட்டிப் படுத்தால் மூச்சு விடும்போதெல்லாம் ஸ்கோப்பின் கோடு டார்கெட்டை விட்டு இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி வேறு வேறு நிலையில் உட்காருவதால் ஒரே இடத்தில் இரண்டு விழுவதே அதிசயம். சாயாத சாதா பைபாட் இதைவிட எவ்வளவோ மேல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பாட்டு மாறியது. முதலில் "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பினேன். அடுத்து, "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் ஒரு பேரம்: ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாக நாலு வரி எழுதினால் 2,000 ரூபாய் திருப்பித் தருவாராம். அவர் பக்கத்தில் இருக்கும் 'சூப்பர் ப்ராடக்ட் ப்ரோ' வகையறா எல்லாம் எப்படி வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. மறுத்ததும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இங்கே உங்களுக்குப் பயன்படக்கூடிய விவரம். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அவர்கள் பில்லில் அடித்துவைப்பது இந்த மாதிரி விஷயத்தில் செல்லாது. ஆன்லைனில் விற்பவர், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளில் நேராகவே இருக்கிறது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசினார்கள். விற்பனையாளர் அதற்குப் பதில் தரவில்லை. அடுத்ததாக நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறேன். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கினவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. சாட், யு.பி.ஐ. ரசீது, பெட்டியின் நாலு பக்கப் படம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கொடுத்திருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் முக்கியம். நான் புகார் சொன்ன பிறகு அவர் பக்கத்தில் 'சாய்வு' என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது; பழைய படம் கையில் இருந்ததால் பிழைத்தேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. விலை குறைந்த நகல் என்றாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் பெயர் தெரியாத பிராண்டில் இதில் பாதி விலைக்கு வாங்கியது உருப்படியாக வேலை செய்கிறது. கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். திருகை முழுக்க இறுக்கிவிட்டு மேல் பாகத்தைப் பிடித்து அசையுங்கள், அசையவே கூடாது. அரைச் சுற்றுத் தளர்த்தினால் கையோடு சாய வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும், தானாகத் தொப்பென்று விழக் கூடாது. ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால், உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, திருகை இறுக்கித் தளர்த்தி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சரக்கு கையில் இருப்பவர் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்.

பிராண்டு சரக்குக்கே போகிறேன் என்பவர்கள் ஹாரிஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மேக்புல் என்ற அமெரிக்கக் கம்பெனி 2018-ல் கொண்டுவந்த பைபாட் சாய்வதோடு இடவலமாகத் திரும்பவும் செய்யும், அங்கே சுமார் 110 டாலருக்கு வந்தது. இங்கே வந்து சேரும்போது என்ன விலை சொல்கிறார்கள் என்பது விற்கிறவர் மனசாட்சியைப் பொறுத்தது.

மாட்டும் இடத்தையும் பாருங்கள். துப்பாக்கியின் மரக் கட்டைக்கு அடியில் தோள் வார் மாட்டும் ஸ்டட் (சின்னக் குமிழ்) இருந்தால் ஹாரிஸ் வகை நேராக உட்காரும். ரெயில் (குறுக்கே பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டை) இருந்தால் அது பிகாட்டினியா வீவரா என்று அளந்துகொள்ளுங்கள், இரண்டும் இரண்டு அளவு. பிகாட்டினி பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் 4.57 மி.மீ. பிகாட்டினிக்குச் செய்த பைபாடின் குறுக்குத் தண்டு வீவர் பள்ளத்தில் இறங்காது. ஸ்டட்டும் ரெயிலும் இல்லை என்றதும் பேரலில் (குண்டு வெளியே வரும் குழலில்) கவ்வும் கிளாம்பை எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். பேரலைப் பிடித்தால் குண்டு விழும் இடம் மாறும். பி.சி.பி.யில் பேரலுக்கு அடியில் இருக்கும் காற்றுக் குழாயைக் கவ்வவே கூடாது. 200 பார் அழுத்தம் அடைத்த குழாயில் கீறலோ நசுங்கலோ விழுவது விளையாட்டில்லை.

ஸ்பிரிங் விசையில் சுடும் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பைபாடுக்குச் செலவே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே பிஸ்டன் ஓடும்போது அந்தத் துப்பாக்கி பின்னும் முன்னுமாகத் துள்ளும். லேசாகத் தாங்கிப் பிடித்துத் துள்ள விட்டால்தான் ஒரே இடத்தில் அடிக்கும், பைபாடில் நிறுத்தினால் குறி மாறிவிடும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தையல்காரரிடம் பை தைத்து மணல் நிரப்பிக்கொள்ளுங்கள். மணலுக்காகப் பாலாற்றில் இறங்கி ஒரு கேஸ் வாங்கிக்கொள்ள வேண்டாம், வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு சட்டி கேட்டால் தருவார்கள். அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கையின் மேல் துப்பாக்கியை வையுங்கள். என் பி.சி.பி.க்கும் இப்போதைக்கு அந்தப் பைதான்.