ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்த இரண்டு வரி

பெருந்துறையில் ஒரு மில்லில் சர்வர் பார்க்கும் என் மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தான். “போஸ்ட்கிரெஸ் 16க்கு மாத்துனதுல இருந்து லாக் பூரா செக்பாயிண்ட் வரியாவே கெடக்குது மச்சா. நிறுத்திப்போடட்டுமா?” போஸ்ட்கிரெஸ் என்பது கணக்கையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ்; லாக் அது எழுதிவைக்கும் பதிவேடு; செக்பாயிண்ட் என்பது நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை அவ்வப்போது டிஸ்கில் எழுதி முடிக்கும் வேலை.

எங்களுடையது திருப்பூரில் பனியன் கம்பெனி. கட்டிங் கணக்கு, பீஸ்ரேட், சம்பளம் எல்லாம் ஒரே சர்வர். 13ஆம் பதிப்பு ஓடியவரை லாக் வெறிச்சென்று இருக்கும்; ஒரு வரி வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். 2022இல் வந்த 15லிருந்து, அந்த வேலையை லாக்கில் எழுதச் சொல்லும் லாக்_செக்பாயிண்ட்ஸ் என்ற செட்டிங் தானாகவே ஆனில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆரம்பித்தேன், முடித்தேன் என்று இரண்டு வரி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு 288. ராத்திரி யாரும் எதுவும் எழுதாவிட்டால் அதுவும் சும்மா இருக்கும், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

முதல் வாரம் பயந்தே போனேன். எழுத 269 நொடி என்று போட்டிருந்தது. டிஸ்க் போச்சு என்று முதலாளியிடம் சொல்லியும்விட்டேன். அப்புறம்தான் புரிந்தது: அந்த ஐந்து நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு நேரத்துக்கு வேலையைப் பரப்பி, வேண்டுமென்றே நிதானமாக எழுதுகிறது. கவனிக்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் சிங்க் எண்ணை; எழுதியது டிஸ்கில் நிஜமாகவே பதிந்துவிட்டதா என்று உறுதி செய்ய ஆன நொடி அது.

போன மாதம் அந்த சிங்க்தான் காப்பாற்றியது. ஒரு நொடிக்குள் முடிகிற வேலை 4, 9, 20 என்று ஏறிக்கொண்டே போனது. “ஏனுங்ணா, சிஸ்டம் சிக்கிச் சிக்கி ஓடுதுங்க” என்று பில் போடும் பெண் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்எஸ்டி சாகக் கிடந்தது. சனிக்கிழமை சம்பளத்துக்குள் மாற்றிவிட்டோம்.

சரி, நல்ல பேர் எடுத்துவிட்டதே என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையே கெடுத்துக்கொண்டது. இரண்டு பேர் ஒரே சம்பளப் பட்டியலைத் திறந்தார்கள். ஒருத்தர் சேமிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் திரை முக்கால் மணி நேரம் அசையவில்லை. வாசலில் ஆட்கள். லாக்கைத் திறந்தால் ஒன்பது செக்பாயிண்ட் வரிசையாக நிற்கிறது, யாருக்காக யார் காத்திருந்தார் என்று ஒரு சொல் இல்லை. அதைச் சொல்லும் லாக்_லாக்_வெயிட்ஸ் (தமிழில் எழுதினால் பதிவும் பூட்டும் ஒரே லாக்தான், என்ன செய்ய) 16இல் ஆஃபில் வருகிறது. ஆன் செய்திருந்தால், ஒருத்தர் திருத்துவதை இன்னொருவர் தொடாமல் தடுக்கும் பூட்டுக்கு ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் இடத்தில் அது மாதத்துக்கு நாலு வரி வந்தால் அதிகம். டிஸ்கில் எழுதியதை நாள் முழுக்கச் சொல்கிறது, ஆள் மாட்டிக்கொண்டதைச் சொல்ல நான் போய்க் கேட்க வேண்டுமாம்!

அந்தக் கடுப்பில்தான் மாப்பிள்ளையிடம் “நிறுத்திப்போடு” என்றேன். நிறுத்திவிட்டான்.

என் சர்வரில் இரண்டும் ஆன். செக்பாயிண்ட் வரிகளைத் தனியாக வடிகட்டி, காலையில் டீயோடு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். இன்றைக்கு சிங்க் 0.04.