நின்டெண்டோ லேபோ விஆர் கிட்: அட்டையைத் தாராளமாக நம்பலாம், திரையைத்தான் முடியாது

அட்டையை மடித்துப் பொம்மைகள் செய்து, நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை அதில் பொருத்தி, விஆர் (மெய்நிகர் காட்சி) விளையாடும் கிட் இது. 2019 ஏப்ரலில் வந்தது. முழுப் பெட்டியில் விஆர் கண்ணாடியோடு பிளாஸ்டர் (பொம்மைத் துப்பாக்கி), கேமரா, பறவை, யானை, காற்று மிதி என ஆறு பொருள்கள். வந்தபோது விலை 79.99 டாலர். கண்ணாடியும் பிளாஸ்டரும் மட்டும் உள்ள தொடக்கப் பெட்டி அப்போது 39.99 டாலர். கிடைத்தால் முதலில் அதையே வாங்குங்கள், பிளாஸ்டர்தான் இதில் சிறந்தது.

கத்தரியோ பசையோ தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கோட்டையும் இருபுறமும் அழுத்தி மடித்த பிறகே சொருக வேண்டும். அவசரப்பட்டால் சொருகும் காதுகள் கிழியும், பிளாஸ்டரில் இழுக்கும் பகுதி சிக்கும். பளபளக்கும் ஸ்டிக்கர்களில் கவனம் வேண்டும்: வலது ஜாய்கானின் (ஸ்விட்ச்சின் கைப்பிடிக் கட்டுப்படுத்தி) அகச்சிவப்புக் கேமரா அவற்றைத்தான் பார்க்கிறது, சற்று விலகினாலும் அசைவு பதிவாகாது.

ஸ்விட்ச் திரை 720பி, அதாவது 1280 புள்ளி அகலம், 720 புள்ளி உயரம். அதை இரண்டாகப் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 640 புள்ளி அகலமே மிஞ்சும், அதனால் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். தலைப்பட்டையும் இல்லை, கையால் பிடித்தே பார்க்க வேண்டும், பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். ஸ்விட்ச்சின் சிறிய வடிவமான ஸ்விட்ச் லைட்டில் வேலை செய்யாது. ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு அமைப்பில் 2டி முறைக்கு மாற்றிவிடுங்கள்.